சர்வதேச உறவுகள் முதுகலை: இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

சர்வதேச உறவுகளில் எம்.ஏ. சேர வேண்டுமென்றால் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரலாறு, ஆங்கிலம், வணிகவியல், கடல்சார் உயிரியல், பொறியியல் என எந்த இளநிலைப் பட்டம் இருந்தாலும் இந்தியாவின் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்கின்றன. மதிப்பெண் பெரும்பாலும் 50 விழுக்காடு கேட்பார்கள். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதிலும் தளர்வு உண்டு. சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்தவரும் சேரலாம், கீழக்கரையில் பி.எஸ்சி. முடித்தவரும் சேரலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. எந்தக் கதவு உங்களுக்கானது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தட்டுவதில்தான் பலர் ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஒரே குறி ஐ.எஃப்.எஸ். எனும் இந்திய வெளியுறவுப் பணி என்றால் இந்தப் படிப்பு கட்டாயம் இல்லை. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ‘அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்’ அங்கே ஒரு விருப்பப் பாடமாகவே இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் இரண்டு வருடத்தை மிச்சப்படுத்திக்கொண்டு நேரே தேர்வுக்குத் தயாராகலாம். ஆய்வு, சர்வதேச அமைப்புகள், கொள்கை ஆராய்ச்சி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், கற்பித்தல், இதழியல் என்று யோசிப்பவர்களுக்கே இந்தக் கட்டுரை.

படிப்பில் என்னதான் இருக்கிறது

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். கோட்பாடு, இந்திய வெளியுறவுக் கொள்கை, சர்வதேசச் சட்டம், சர்வதேச அமைப்புகள், உலகப் பொருளாதார அரசியல், அப்புறம் தெற்காசியா அல்லது மேற்காசியா போன்ற ஏதாவது ஒரு வட்டாரம் பற்றிய ஆய்வு.

கோட்பாடு என்றதும் பயப்பட வேண்டாம். கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் இந்தியா அதை இலங்கைக்கு விட்டுக்கொடுத்தது ஏன்? மூன்று கோட்பாட்டுக்காரர்கள் இதை மூன்று விதமாகப் பார்ப்பார்கள். பக்கத்து நாட்டைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள ஒரு பெரிய நாடு போட்ட கணக்கு அது என்பார் யதார்த்தவாதி. தாராளவாதி வேறு இடத்தைப் பார்ப்பார்: ஒப்பந்தங்கள், 2016இல் இரு நாடுகளும் உருவாக்க ஒப்புக்கொண்ட மீன்வளக் கூட்டுப் பணிக்குழு ஆகியவை சிக்கலை எவ்வளவு தூரம் தணித்தன என்று கேட்பார். மூன்றாமவர் கட்டமைவுவாதி. இரு கரையிலும் தமிழ் பேசுபவர்கள், ஒரே அந்தோணியார் கோயிலில் கும்பிடுபவர்கள்; அப்படியிருந்தும் இராமேசுவரம் விசைப்படகுக்காரரும் யாழ்ப்பாணத்துச் சிறுபடகு மீனவரும் எப்போது, எப்படி எதிராளிகள் ஆனார்கள் என்பது அவருடைய கேள்வி. முதல் பருவத்துக் கோட்பாட்டுத் தாளில் பாதி இந்த வகை விவாதம்தான்.

பல்கலைக்கழகத்துக்கு முன்னால் கேள்வி

எங்கே படிக்கலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். எதைத் தெரிந்துகொள்ளப் படிக்கிறோம் என்று தொடங்கினால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் உள்ள இந்தக் கரையில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை.

எல்லை தாண்டிய மீன்பிடிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. அதனாலேயே அதில் கூட்டமும் அதிகம். மற்றவற்றையும் பாருங்கள்.

மண்டபம் முகாம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் வந்து இறங்கியது அங்கேதான். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்களும் அங்கேதான் இறங்கினார்கள். இந்தியாவோ 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. கையெழுத்திடாத நாட்டில் ஐ.நா. அகதிகள் ஆணையம் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது? அந்த ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகமே இருக்கிறது. ஒரு முழு ஆய்வேட்டுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

மன்னார் வளைகுடா. 1986இல் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம், 2001இல் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலில் இடம். 21 தீவுகள். பாசி எடுக்கப் போகும் பெண்கள் அந்தத் தீவுக்கரையில் வனத்துறையிடம் மாட்டிக்கொள்வதும், பாரிஸில் இருக்கும் ஓர் அமைப்பு அதே கடலை உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ப்பதும் ஒரே கதையின் இரண்டு முனைகள். உலகளாவிய சுற்றுச்சூழல் நிர்வாகம் என்ற பெயரில் வகுப்பில் நடத்துவது இதைத்தான்.

டீசல் மானியம். 2022 ஜூனில் ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பு மீன்பிடி மானியங்கள் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்ந்துகொண்டிருக்கும் மீன்வளத்துக்கும் போகும் மானியத்தை அது கட்டுப்படுத்துகிறது. படகுகளின் எண்ணிக்கையும் திறனும் பெருகக் காரணமாகும் மானியம் பற்றிய பகுதி அப்போது முடிவாகவில்லை. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்று இந்தியா கேட்டது. பாம்பனில் டீசல் போடும் படகுக்காரருக்கு அந்தப் பேச்சுவார்த்தையில் என்ன பங்கு? எனக்குத் தெரிந்து தமிழில் இதைப் பற்றி விரிவாக எழுத ஆள் தேவை.

வளைகுடா வேலை. கடலோரக் கிராமங்களிலிருந்து சவூதிக்கும் பஹ்ரைனுக்கும் மீன்பிடிக்கவே ஆட்கள் போகிறார்கள். ‘கஃபீல்’ எனப்படும் அங்குள்ள முதலாளி கையில் பாஸ்போர்ட், இங்கே 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம், ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. இந்த மூன்றையும் இணைத்துப் பார்ப்பது புலம்பெயர்வு ஆய்வு.

இவற்றில் ஒன்றையாவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ நேரில் பார்த்திருப்பீர்கள். அதை ஒரு வரியில் கேள்வியாக எழுதி வையுங்கள். சட்டக் கேள்வியா, பொருளாதாரக் கேள்வியா, மனிதர்களைப் பற்றிய கேள்வியா என்று பாருங்கள். அதுதான் நீங்கள் போக வேண்டிய துறையைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்று ஆவணம், ஒரு செய்தி

விண்ணப்பிப்பதற்கு முன்னால் இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கச்சத்தீவு பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். மூல ஆவணத்தைப் படித்தவர்கள் குறைவு. படியுங்கள். 1974 ஜூன் ஒப்பந்தம், 1976 மார்ச் ஒப்பந்தம், அதே மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் எழுதிக்கொண்ட கடிதங்கள். மூன்றும் சேர்ந்து சில பக்கங்கள்தான். வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடினால் கிடைக்கும்.

1974 ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவில் நிறுத்திப் படியுங்கள். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்பு போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. மீன் பிடிக்கலாம் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 6ஆவது பிரிவு இரு நாட்டுப் படகுகளும் மற்ற நாட்டின் நீரில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. அந்த உரிமை போக்குவரத்து மட்டுமா, மீன்பிடிப்பும் அடங்குமா? 1976 கடிதங்கள் வந்து, இலங்கையின் வரலாற்றுக் கடற்பரப்பிலும் (நெடுங்காலமாகத் தன்னுடையது என்று ஒரு நாடு உரிமை கொண்டாடும் கடல்) பொருளாதார மண்டலத்திலும் (மீன்வளத்தில் ஒரு நாட்டுக்குத் தனி உரிமை உள்ள கடற்பகுதி) இந்தியப் படகுகள் அனுமதியில்லாமல் மீன் பிடிக்கக்கூடாது என்று சொல்லிவிடுகின்றன. அப்படியானால் 6ஆவது பிரிவில் மிச்சம் என்ன இருக்கிறது?

இன்னும் ஒரு படி போகலாம். 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆவது பிரிவு, பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறியதற்காகப் பிடித்த படகையும் ஆட்களையும் தகுந்த பிணைத்தொகை பெற்றுக்கொண்டு உடனே விட வேண்டும், நாடுகளுக்குள் தனி உடன்பாடு இல்லாதபோது சிறைத் தண்டனை கூடாது என்கிறது. படித்தவுடன் ‘ஆகா, கிடைத்துவிட்டது’ என்று தோன்றும். ஆனால் பாக் நீரிணை இரு நாடுகளும் ‘வரலாற்றுக் கடற்பரப்பு’ என்று பெயர் வைத்துப் பங்கிட்டுக்கொண்ட இடம். பொருளாதார மண்டலத்துக்கு எழுதிய பிரிவு அங்கே செல்லுமா? இந்த இடத்தில் உங்களுக்கு எரிச்சல் வந்தால் வேறு படிப்பைப் பாருங்கள். இன்னொரு முறை படிக்கத் தோன்றினால் விண்ணப்பத்தை எடுங்கள்.

செய்தியை வைத்தும் இதே பயிற்சியைச் செய்யலாம். மீனவர்கள் கைது என்று மாதம் தவறாமல் செய்தி வருகிறது. ஒன்றை வெட்டி நோட்டில் ஒட்டுங்கள். பிடித்தது யார்? இலங்கைக் கடற்படை. எங்கே? நெடுந்தீவுக்கு அருகே என்றிருக்கும். எந்த நீதிமன்றம்? ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றமாக இருக்கலாம். எந்தச் சட்டம்? இலங்கை 2017இல் இழுவை மடியைத் தடை செய்து திருத்திய மீன்பிடிச் சட்டமா, வெளிநாட்டுப் படகுகளை ஒழுங்குபடுத்தும் சட்டமா? சிறையில் போய்ப் பார்ப்பது யார்? யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரக அதிகாரிகள். முதலமைச்சர் யாருக்குக் கடிதம் எழுதுகிறார்? வெளியுறவு அமைச்சருக்கு, இலங்கை அரசுக்கு நேரே எழுத முடியாது. ஏன் முடியாது? ஆட்கள் விடுதலையாகிப் படகு மட்டும் அங்கேயே நிற்பது ஏன்? இப்படி நாலைந்து செய்திகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். நுழைவுத் தேர்வுக்கும், ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்கக் கட்டுரைக்கும் வேண்டிய சரக்கு தானாகச் சேர்ந்துவிடும்.

எங்கே படிப்பது

டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின், அதாவது ஜே.என்.யு.வின் சர்வதேச ஆய்வுகள் பள்ளிக்கு நீண்ட பெயர் உண்டு. 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970இல் ஜே.என்.யு.வோடு இணைந்தது. கட்டணம் குறைவு, நூலகம் பெரிது. போட்டியும் அதற்கேற்ப இருக்கும்.

தெற்காசியப் பல்கலைக்கழகமும் டெல்லியில்தான். சார்க் நாடுகள் சேர்ந்து தொடங்கிய அது 2010இல் வகுப்புகளை ஆரம்பித்தது. எம்.ஏ. சர்வதேச உறவுகள் இருக்கிறது. மற்ற இந்தியப் பல்கலைக்கழகங்களில் எளிதில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும்: பக்கத்து இருக்கையில் இலங்கை, நேபாளம், வங்கதேசம் என்று பிற நாட்டு மாணவர்கள். எல்லைச் சிக்கலைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை வாசித்தால் எதிர்க்கரையைச் சேர்ந்தவரே எழுந்து மறுப்பு சொல்ல வாய்ப்பிருக்கும் வகுப்பு அது.

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வசதியானது. அரசியலும் சர்வதேச உறவுகளும், தெற்காசிய ஆய்வுகள் ஆகிய படிப்புகளை அங்கே பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் போய்விடலாம். மகளை டெல்லிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளில் புதுச்சேரி என்றால் பேச்சு சற்று எளிதாக முடியும். இது படிப்போடு சம்பந்தமில்லாத காரணம்தான், ஆனால் நடைமுறையில் இதுதான் தீர்மானிக்கிறது.

சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் பெண்களுக்குச் சர்வதேச ஆய்வுகள் முதுகலை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, உத்திசார் ஆய்வுத் துறை இருக்கிறது. கடற்படை, கடலோரப் பாதுகாப்பு பக்கம் மனம் போகிறவர்களுக்கு அது பொருந்தும். சட்டம் படித்து முடித்தவர்கள் வேறெங்கும் அலைய வேண்டாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டமும் அமைப்புகளும் என்ற பிரிவிலேயே எல்.எல்.எம். இருக்கிறது. உங்கள் கேள்வி ஒப்பந்தப் பிரிவுகளைச் சுற்றியே வருகிறதென்றால் எம்.ஏ.யைவிட இதுவே மேல். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது. மணிப்பால், ஜிந்தால் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களிலும் நல்ல படிப்புகள் உண்டு. கட்டண விவரத்தைப் பார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

நுழைவுத் தேர்வும் தாசில்தார் அலுவலகமும்

ஜே.என்.யு., புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. எனும் பொது நுழைவுத் தேர்வின் முதுகலைத் தேர்வு எழுத வேண்டும். தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு என்பது அண்மை ஆண்டுகளின் நடைமுறை. அதாவது இளநிலை கடைசி ஆண்டில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும்; ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் வண்டி போய்விடும். 75 கொள்குறி வினாக்கள், சரிக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்தவர்கள் இதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். பாடம் தமிழில் புரிந்திருந்தால் மீதி வெறும் கலைச்சொல் வேலை. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் உங்கள் சொந்த விளக்கம் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்று, நான்கு மாதத்தில் பிடிபட்டுவிடும். தெற்காசியப் பல்கலைக்கழகம் தன் சேர்க்கையைத் தனியே நடத்துகிறது.

நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. தேர்வு எழுதி மதிப்பெண் வந்தால் இடம் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொள்வது ஒன்று. கிடைக்காது. மதிப்பெண் வந்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டு நல்ல மதிப்பெண்ணோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஏப்ரலிலிருந்து வாரம்தோறும் இணையதளத்தைப் பாருங்கள்.

மற்றொன்று சாதிச் சான்றிதழ். பள்ளியில் வாங்கிய பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநில அரசுக்கு. மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியே வேண்டும். முதலில் உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. இருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுங்கள். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர்ந்து வர நாளாகும். போன நிதியாண்டுச் சான்றிதழைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள், ஆகவே ஏப்ரல் பிறந்ததும் புதிதாக வாங்கிவிடுங்கள். தேர்தல், திருவிழா என்று அலுவலகம் மூடிக்கிடக்கும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோக்கக் கட்டுரை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் உதவித்தொகைக் குழுக்களும் இதை வைத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன. இந்தியாவிலும் சில தனியார் பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. பெரும்பாலும் இப்படித்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள்:

‘சிறு வயது முதலே உலக அமைதியில் எனக்கு ஆர்வம். டாக்டர் அப்துல் கலாம் பிறந்த மண்ணில் பிறந்த நான், இந்தியாவை உலக அரங்கில் உயர்த்தக் கனவு காண்கிறேன்.’

இந்த மாவட்டத்திலிருந்து போகும் விண்ணப்பம் பலவற்றில் கலாம் வந்துவிடுகிறார். அவர் மீது மரியாதை வேறு, விண்ணப்பம் வேறு. அதே மாணவர் இப்படி எழுதலாம்:

‘என் பெரியப்பாவின் விசைப்படகு இலங்கையில் பறிமுதலாகி நிற்கிறது. ஆட்களை விடுவிக்க இரு அரசுகளுக்கும் இடையே ஒரு வழிமுறை இருக்கிறது. படகை விடுவிக்க அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மீன்பிடிப் படகு என்ற சொத்தைச் சர்வதேசச் சட்டம் எப்படிப் பார்க்கிறது, வேறு கடல்களில் நாடுகள் இதை எப்படித் தீர்த்துக்கொண்டன என்று ஒப்பிட்டுப் படிக்க விரும்புகிறேன். உங்கள் துறையில் கடல் சட்டம் தனித் தாளாக இருப்பதால் விண்ணப்பிக்கிறேன்.’

இரண்டாவதில் அழுகை இல்லை, ஆனால் ஆள் தெரிகிறார். துயரத்தை மட்டும் எழுதினால் இரக்கம் கிடைக்கும், இடம் கிடைக்காது. பார்த்ததைச் சொல்லுங்கள், அதிலிருந்து எழுந்த கேள்வியைச் சொல்லுங்கள், அந்தப் பல்கலைக்கழகம் ஏன் என்று சொல்லுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

ஒப்பீட்டுக்கும் எடுத்துக்காட்டுகள் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். வங்காள விரிகுடாவில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இருந்த கடல் எல்லைத் தகராறு நடுவர் மன்றத்துக்குப் போய் 2014 ஜூலையில் தீர்ப்பானது. 2012இல் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலின் காவலர்கள் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்ற வழக்கும் நடுவர் மன்றத்தில் 2020இல் முடிந்தது. இவை ஏன் அங்கே போயின, பாக் நீரிணைச் சிக்கல் ஏன் போகவில்லை என்று நேர்காணலில் கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

பணம்

நம் கரையில் இதற்கொரு தனிச் சிக்கல் உண்டு. சேர்க்கைக் கட்டணம் கட்டச் சொல்வது மே, ஜூன், ஜூலையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுத் தொழிலை நம்பிய வீட்டில் சரியாக அப்போதுதான் கையில் காசு இருக்காது. படகுக்கு மராமத்து வேலை வேறு இருக்கும். ஆகவே முதல் தவணைக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் விடுதி முன்பணத்துக்கும் மார்ச்சுக்குள் ஒதுக்கி வையுங்கள். வட்டிக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதையும் முன்கூட்டியே வங்கியில் பேசுங்கள். வித்யா லட்சுமி இணையதளம் வழியாகக் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் வழங்க வழி இருக்கிறது. வீட்டில் மீனவர் நல வாரிய உறுப்பினர் இருந்தால் கல்வி உதவித்தொகை பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

வெளிநாட்டுக்குப் பிரிட்டனின் செவனிங், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. ஆகிய மூன்று உதவித்தொகைகளையும் பாருங்கள். செவனிங்குக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். எராஸ்மஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வரும், அடுத்த ஆண்டு சேர்க்கைக்காக. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைகளும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கின்றன.

உதவித்தொகை கிடைக்காமல், படகை அடகு வைத்தோ அக்காவின் நகையை விற்றோ லண்டனில் ஒரு வருட எம்.ஏ. படிக்கப் போவது வேண்டாம் என்பது என் கருத்து. கணினிப் படிப்பு போல இதில் முடித்த கையோடு சம்பளம் வராது. ‘ஐ.நா.வில் வேலை வாங்கித் தரும் படிப்பு’ என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு

இரண்டு வருடம் சட்டென்று ஓடிவிடும். வகுப்போடு சேர்த்து ஒரு கைத்தொழிலையும் கற்றுக்கொள்ளுங்கள். புள்ளியியல், வரைபட மென்பொருள், சட்ட ஆவண வாசிப்பு, ஒரு மொழி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகள் அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கத்தில் மதரசாவில் அரபு எழுத்து படித்தவர்கள் பலர். ஓதத் தெரிவது வேறு, பேசவும் செய்தித்தாள் படிக்கவும் தெரிவது வேறு. ஆனால் எழுத்து கைவந்திருப்பதே பெரிய முன்னேற்றம், அதை விட்டுவிடாதீர்கள். இன்னொரு யோசனை, சிரிக்க வேண்டாம்: சிங்களம் படியுங்கள். இலங்கையைப் பற்றிப் பேசும் தமிழக ஆய்வாளர்களில் சிங்களப் பத்திரிகையை நேரே வாசிக்கக்கூடியவர்கள் அபூர்வம். அந்த ஒரு திறமை உங்களைத் தனியே நிறுத்திவிடும்.

பயிற்சிப் பணிக்கு வெளியுறவு அமைச்சகத்தின் திட்டம் இருக்கிறது. அதில் முன்னேற விழையும் மாவட்டங்களைச் சேர்ந்தவர்களுக்கு முன்னுரிமை தருகிறார்கள். இராமநாதபுரம் அந்தப் பட்டியலில் உள்ள மாவட்டம். நம் மாவட்டத்தைப் பின்தங்கியது என்று எழுதினால் சிலருக்குக் கோபம் வருகிறது. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

சென்னையிலேயே ஓர் அரசுகளுக்கிடையேயான அமைப்பு இயங்குவது பலருக்குத் தெரியாது. வங்காள விரிகுடாத் திட்டம் என்ற அந்த அமைப்பில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகியவை உறுப்பினர்கள். ஐ.நா. உணவு, விவசாய அமைப்பின் திட்டமாக 1979இல் தொடங்கி 2003இல் தனி அமைப்பானது. மீன்பிடித் தொழிலாளர்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்றும் சென்னையில் அலுவலகம் வைத்திருக்கிறது. சிறுதொழில் மீனவர்கள் பற்றிய 2014ஆம் ஆண்டு உலக வழிகாட்டு நெறிகளை உருவாக்கியதில் அதற்குப் பங்கு உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. கோடை விடுமுறையில் டெல்லியில் அறை எடுத்துத் தங்கி யாரோ ஒருவருக்கு நகல் எடுத்துக் கொடுப்பதைவிட இங்கெல்லாம் கேட்டுப் பார்ப்பது மேல்.

ஆய்வேட்டுக்கு ஊருக்கு வந்து பேட்டி எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ‘எல்லை தாண்டினீர்களா’ என்று முதல் கேள்வியிலேயே கேட்டால் யாரும் பேச மாட்டார்கள், பேசினாலும் பத்திரிகைக்குச் சொல்வதையே சொல்வார்கள். டோக்கன் போடுவது, மடி, காற்று, இறால் விலை என்று தொடங்குங்கள். பெயரையும் படகு எண்ணையும் ஆய்வேட்டில் போடாதீர்கள். வழக்கு நிலுவையில் இருக்கலாம். உங்கள் அடிக்குறிப்பு அவருக்கு வினையாகக்கூடாது.

வேலை

ஐ.நா. செயலகத்தில் இளம் அலுவலர் தேர்வு என்று ஒன்று உண்டு. வயது 32க்குள். ஆனால் ஊழியர் எண்ணிக்கையில் பிரதிநிதித்துவம் குறைந்த நாடுகளுக்கே அதில் இடம், பட்டியலும் வருடாவருடம் மாறும். அதையே நம்பி இருக்காதீர்கள். நடைமுறையில் நுழையும் வழிகள் வேறு: ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையகமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டம், ஐ.நா. அமைப்புகளின் இந்திய அலுவலகங்களில் உள்ள உள்நாட்டுப் பணியிடங்கள், அவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள். இரண்டு மூன்று வருடம் களத்தில் வேலை செய்தவர்களைத்தான் எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். தமிழ் தெரிந்து, கடற்கரைக் கிராமத்தில் உட்கார்ந்து பேசத் தெரிந்து, ஆங்கிலத்தில் அறிக்கையும் எழுதத் தெரிந்த ஆள் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. கல்லூரி ஆசிரியர் வேலை என்றால் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு. அரசியல் பாடத்தோடு சர்வதேச ஆய்வுகளும் அதில் உண்டு.

விண்ணப்பங்களை அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் மட்டும் போடுங்கள். ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பக் கட்டணம், நேர்காணல் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எதுவும் வாங்குவதில்லை. வளைகுடா விசாவுக்குப் பணம் கட்டிப் பழகிய ஊர் நம்முடையது. ‘ஜெனீவாவில் ஆள் இருக்கிறார், ஐம்பதாயிரம் கட்டினால் போதும்’ என்று மின்னஞ்சல் வந்தால் அப்பா, மாமா யாராவது நம்பிப் பணம் அனுப்பிவிடக்கூடும். வீட்டில் முன்னாடியே சொல்லி வையுங்கள்.